பூனைக்கும் ஒரு சீப்பு

ஹோலி முடிந்த கையோடு தில்லியில் இரண்டு சமாச்சாரங்கள் உதிரத் தொடங்குகின்றன. தெருவில் வேப்பிலை, வீட்டில் பூனை ரோமம். இலையைப் பெருக்க முனிசிபாலிட்டி ஆள் வருவார். ரோமத்துக்கு அப்படி யாரும் இல்லை. சோபாவில், கறுப்புப் பேன்ட்டில், மடித்து வைத்த ஸ்வெட்டரில், சமயத்தில் சாம்பாரிலும் அது இருக்கும். அடுக்குமாடி வீடுகளில் பாரசீகப் பூனை வளர்க்கும் மோகம் வந்த பிறகு, குடும்பச் சண்டைகளின் பட்டியலில் இதற்கும் ஓர் இடம் கிடைத்துவிட்டது.

சண்டை சண்டையோடு நின்றால் பரவாயில்லை. எங்கள் குடியிருப்பின் குப்பைத் தொட்டி அருகே ஒரு குளிர்காலத்தில் வெள்ளைப் பாரசீகப் பூனை ஒன்று வந்து சேர்ந்தது. வயிறும் பின்னங்கால்களும் சடை பிடித்திருந்தன. சப்பை மூக்கைப் பார்த்தாலே தெருவில் பிறந்த ஜாதி இல்லை என்று தெரிந்துவிடும். யாரோ இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். இப்படிக் கைவிடுகிறவர்களைக் கேட்டால், “வீடெல்லாம் முடி” என்பார்கள். பசியாலும் தாகத்தாலும் வாடும்படி ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது குற்றம் என்கிறது 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம். முதல் முறை பிடிபட்டால் அது விதித்த அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அந்தப் பணத்துக்கு நல்ல பூனைச் சீப்பு ஒன்றுகூட வாங்க முடியாது.

ரோமம் கொட்டுவதை நிறுத்த வழி கிடையாது. வெயில் ஏறுவதால்தான் கொட்டுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். வெயிலைவிட முக்கியமானது பகலின் நீளம். தில்லியில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். சென்னையில் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். பகல் நீளும்போதும் குறையும்போதும் பூனையின் உடல் கணக்குப் போட்டுப் பழைய ரோமத்தைக் கழிக்கிறது. ஆனால் ராத்திரி பதினொரு மணி வரை டியூப்லைட் எரியும் வீட்டில் அந்தக் கணக்கு குழம்பிப்போகிறது. வீட்டை விட்டு வெளியே போகாத பூனை பருவம் பார்க்காமல் வருஷம் முழுக்கக் கொட்டுவது இதனால்தான்.

நம் கையில் இருப்பது, உதிரப்போகிற ரோமத்தை முன்கூட்டியே சீப்பில் பிடித்துவிடுவது மட்டுமே. இல்லாவிட்டால் அது சோபாவுக்குப் போகும், அல்லது பூனையின் வயிற்றுக்குப் போகும். தன்னைத்தானே நக்கிச் சுத்தம் செய்வதில் பூனைக்கு இணை கிடையாது. அதன் நாக்கில் இருக்கும் முட்கள் ஒவ்வொன்றின் நுனியிலும் குழிவு உண்டு. எச்சிலை அதில் அள்ளி ரோமத்தின் அடி வரை கொண்டுபோகிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆராய்ச்சியாளர்கள் 2018இல் வெளியிட்ட தகவல் இது. அந்த நாக்கைப் பார்த்து அவர்கள் ஒரு பிரஷ்கூடச் செய்து பார்த்தார்கள். நாக்கு பின்னோக்கி வளைந்த முட்களைக் கொண்டது என்பதால் ஒட்டிய ரோமத்தைத் துப்ப முடியாது, விழுங்கத்தான் வேண்டும். விடியற்காலையில் பூனை ‘கக் கக்’ என்று வாந்தி எடுத்து வைக்கும் ரோமச் சுருள் அப்படி உருவாவது.

கடைக்குப் போனால் பத்து தினுசுக் கருவிகளைக் காட்டுகிறார்கள். பெட்டியில் அச்சடித்த ஆங்கிலத்தைத் தமிழில் பெயர்த்துச் சொல்லிவிடலாம். எது தேவை என்று அந்த வாசகங்கள் சொல்வதில்லை. நம் நாட்டுப் பூனைக்குக் குட்டை ரோமம். ரப்பர் முனைகள் கொண்ட கையுறையோ ரப்பர் பிரஷ்ஷோ வாரம் இரண்டு முறை போதும். பூனை அதைச் செல்லம் கொஞ்சுவதாகவே நினைத்துக்கொள்ளும். பாரசீகப் பூனையின் விவகாரம் வேறு. மேலே நீண்ட ரோமம், அடியில் பஞ்சு போன்ற இன்னொரு அடுக்கு. அகலப் பற்கள் கொண்ட உலோகச் சீப்புதான் அதற்கு முதல் ஆயுதம், அதுவும் தினசரி. வளைந்த கம்பிகள் கொண்ட ஸ்லிக்கர் பிரஷ் மேலோட்டமாக நிறைய ரோமத்தை அள்ளும், பார்க்கத் திருப்தியாக இருக்கும். ஆனால் அடியில் சிக்கு அப்படியே இருக்கும். பிரஷ் போட்ட பிறகு சீப்பு தோல் வரை தடையில்லாமல் போகிறதா என்று பார்க்க வேண்டும். விலை கூடிய, பிளேடு போன்ற ‘டி-ஷெட்டிங்’ கருவிகள் அடிரோமத்தை வண்டியாக எடுக்கின்றன என்பது உண்மை. அழுத்தி இழுத்தால் மேல் ரோமத்தையும் அறுக்கும், தோலையும் சிராய்க்கும். வாரத்துக்கு ஒரு முறை, இரண்டு மூன்று இழுப்பு, அதற்கு மேல் வேண்டாம்.

நம் வீடுகளில் பேன் சீப்பு என்று ஒன்று உண்டே, அதற்கு அண்ணன் தம்பி முறையில் பூனைக்கு ஓர் உலோகச் சீப்பு இருக்கிறது. தெள்ளுப்பூச்சியைப் பிடிக்க அதைவிடச் சிறந்தது இல்லை. சீப்பில் கறுப்புத் துகள்கள் வந்தால் ஈர வெள்ளைக் காகிதத்தில் தட்டிப் பாருங்கள். சிவப்பாகக் கரைந்தால் அது பூச்சியின் எச்சம், பூனையின் ரத்தம்.

வாருவதற்கு நேரம் முக்கியம். சாப்பிட்டுவிட்டுச் சொக்கி உட்கார்ந்திருக்கும் சமயம் நல்லது. கன்னம், கழுத்து என்று அதற்குப் பிடித்த இடத்தில் தொடங்கி, ரோமம் படிந்த திசையிலேயே வாரிக்கொண்டு போய், வயிற்றைக் கடைசியில் வைத்துக்கொள்ள வேண்டும். வால் விசிறத் தொடங்கினால் அன்றைய வேலை முடிந்தது. ஐந்து நிமிஷம் தாராளம். சடை விழுந்த இடத்தைக் கத்தரிக்கோலால் வெட்டுவது மட்டும் கூடவே கூடாது. பூனையின் தோல் மெல்லியது. சடையோடு சேர்ந்து கூடாரம் போல எழும்பி வரும், கத்தரி தோலில்தான் விழும். குளிப்பாட்டினால் சரியாகும் என்பதும் தப்பு. தண்ணீர் பட்டால் சடை இன்னும் இறுகும். கால்நடை மருத்துவர் மெஷினால் மழித்து எடுப்பதே வழி.

வீட்டில் இழுப்பு இருக்கும் குழந்தை இருந்தால் வேறு சங்கதி. பூனை அலர்ஜிக்குப் பிரதான காரணம் ரோமமல்ல. எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிலும் இருக்கும் ஒரு புரதம். ரோமம் அதற்கு வாகனம். ஆகவே வாரினால் அலர்ஜி தீர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வாரும் வேலையைத் தும்மல் வராத ஒருவர், வலை அடித்த பால்கனியில் செய்யட்டும், குழந்தை உள்ளே இருக்கட்டும். வட்ட வட்டமாக ரோமம் போய்ச் செதில் தெரிந்தால் படர்தாமரையாக இருக்கலாம். மனிதருக்கும் தொற்றும், ஒரே சீப்பால் அடுத்த பூனைக்கும் போகும்.

சைவ வீடுகளில் தயிர்ச் சாதத்தில் வளரும் பூனைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரோமம் பெரும்பாலும் புரதம். பூனையோ மாமிசம் தின்றே ஆக வேண்டிய பிராணி. மாமிசத்தில் கிடைக்கும் டாரின் என்ற சத்து இல்லாவிட்டால் கண்ணும் இதயமும் கெடும். ரோமம் மங்குவது அதற்கெல்லாம் சின்ன விஷயம். வீட்டு ஆசாரம் இடம் கொடுக்காவிட்டால் பாக்கெட் பூனை உணவாவது வாங்கிப் போடலாம். பல பூனைகளுக்குப் பால் செரிப்பதில்லை என்பதை நம் கதைகள்தான் நம்பவிடுவதில்லை.

திட்டுத் திட்டாக வழுக்கை விழுந்தாலோ, ஒரே இடத்தை ஓயாமல் நக்கினாலோ சீப்பை வைத்துவிட்டு மருத்துவரிடம் போவது நல்லது. பூச்சியாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், வீடு மாறிய கலக்கமாகவும் இருக்கலாம். பக்கத்து வீட்டு நாய்க்குப் போட்ட பூச்சி மருந்தை மட்டும் கடன் வாங்கி ஊற்றிவிடாதீர்கள். நாய் மருந்துகள் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் நாயை ஒன்றும் செய்யாது. பூனைக்கு வலிப்பு வரும், உயிரும் போகும்.