கைப்பைக்குள் ஒளிக்கும் ஐந்து கிலோ

கோடை விடுமுறை வந்தால் ஸ்டோவ்னரில் எங்கட சனத்தின்ர கதை முழுக்கக் கிலோக் கணக்குத்தான். 23 கிலோப் பெட்டிக்குள்ள சொக்லேட், உடுப்பு. மிச்சம் கைப்பைக்குள்ள. "அதை ஆர் நிறுக்கப் போறாங்கள்?" பெரும்பாலும் நிறுக்க மாட்டார்கள். அதுதான் பிரச்சினை.

எங்களையும் அவர்கள் நிறுப்பதில்லையே. ஐரோப்பிய விதிப்படி, 30 இருக்கைக்கு மேற்பட்ட வழமையான சேவை விமானங்களில் கைப்பையோடு சேர்த்துப் பெரியவருக்கு 84 கிலோ, பிள்ளைக்கு 35 கிலோ என்று சராசரி எடுக்கலாம். எந்த வேகத்தில் மேலெழுவது என்று விமானி பார்ப்பது இந்தக் கூட்டுத்தொகையை வைத்துத்தான். 2024இல் ஃபின்னேர் நிறுவனம் ஹெல்சிங்கியில், விரும்பி வந்த பயணிகளைக் கைப்பையோடு நிறுத்ததும் இந்தச் சராசரியைச் சரிபார்க்கத்தான்.

சராசரி பிழைத்தால் என்ன நடக்கும்? மென்பொருள் எழுதிச் சீவிக்கிற எனக்கு 2020 யூலை 21 மறக்காது. பர்மிங்காமிலிருந்து மயோர்க்கா போன டூயி நிறுவனத்தின் போயிங் 737இல், "மிஸ்" என்று பதிந்திருந்த 38 பெண்களை மென்பொருள் சிறுமிகளாக எடுத்துவிட்டது. அதை எழுதிய நாட்டில் "மிஸ்" என்றால் சின்னப் பிள்ளையாம்! விடுமுறை விமானக் கணக்கில் பெண்ணுக்கு 69 கிலோ, போட்டது 35. தாளில் இருந்ததைவிட 1,244 கிலோ கூடுதலாக விமானம் கிளம்பியது. பெரிய விமானம், ஒன்றும் ஆகவில்லை.

2003 ஜனவரியில் அமெரிக்காவின் சார்லட்டில் 19 பயணிகளோடு கிளம்பிய சிறிய பீச்கிராஃப்ட் 1900க்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 21 பேரும் இறந்தார்கள். வால்பக்கக் கட்டுப்பாட்டு வடத்தைப் பிழையாகப் பொருத்தியது ஒரு காரணம். பழைய சராசரிகளை நம்பியதால் பின்பாரம் கூடிப்போனது மற்றது.

சென்னையிலிருந்து பலாலிக்குப் பறக்கிற ஏடிஆர் 72உம் சின்ன விமானம்தான். மேலெழும்போது உச்ச எடை ஏறத்தாழ 23,000 கிலோ. 70 பேர் ஆளுக்கு 5 கிலோ ஒளித்தால் 350 கிலோ. ஓடுபாதை சுமார் 1,400 மீற்றர்தான்; வெக்கைக்குக் காற்றின் அடர்த்தி குறைய, எழும்ப இன்னும் தூரம் வேணும். பொதியைக் குறைக்கச் சொன்னால், "யாழ்ப்பாணத்தார் எண்டால் இவங்களுக்கு இளக்காரம்" என்று விமான நிறுவனத்தைத் திட்டுகிறோம். 2019 ஒக்ரோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்த இடத்துக்கு நாங்கள் கேட்க வேண்டியது பொதிச் சலுகையல்ல, நீளமான ஓடுபாதை. கேட்டால் வலிகாமம் வடக்குச் சனத்தின் காணிக் கேள்வியும் கூடவே வரும். செக்-இன் மேசையில் நிற்கிற பிள்ளையோடு சண்டை பிடிக்கிறதைவிட அது கஷ்டமான கதை; ஆனால் கதைக்க வேண்டியது அதைத்தான்.