சூனியக்காரிக்கு இடமுண்டு, பாட்டிக்கு இல்லை

1995ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆலிஸ் ஹாஃப்மனின் ‘பிராக்டிகல் மேஜிக்’ நாவல் வெளிவந்தது. ஓவன்ஸ் குடும்பத்துப் பெண்களுக்கு மந்திர ஆற்றல் வழிவழியாக வருகிறது. ஊராரின் அச்சமும் பழியும் கூடவே வருகின்றன. பெற்றோரை இழந்து அத்தைமாரிடம் வளர்ந்த இரு சகோதரியருள் ஒருத்தி, தன் பெண்மக்களையாவது இந்தக் குடும்ப மரபின் நிழல் படாமல் வளர்க்கப் பாடுபடுகிறாள். அதே 1995இல், இன்றைய ஜார்க்கண்டில், சுட்னி தேவி என்ற பெண்ணை ஊரார் ‘டாயன்’ என்று முத்திரை குத்தி வதைத்தனர். அவர் தம் குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஊரைவிட்டே ஓட வேண்டியதாயிற்று. முன்னதை மிகைப்புனைவு என்ற வகைமையில் வைத்து ஆய்வேடு எழுதலாம். பின்னதை வைக்க இலக்கியத் துறைகளில் அலமாரி இல்லை.

மிகைப்புனைவின் மீது இங்கே வழக்கு எதுவுமில்லை. மந்திரமும் தாய்மையும் பின்னிய கதைகளை வாசிப்பவர்கள் மகிழ்ந்து வாசிக்கட்டும். ஆனால் அக்கதைகளிலிருந்து கிள்ளியெடுத்த சூனியக்காரியைப் பெண்விடுதலையின் சின்னமாகச் சூடிக்கொள்ளும் பழக்கம் கல்விப்புலத்தில் பெருகிவிட்டது. தம்மைச் சூனியக்காரிகளின் வாரிசுகள் என்று அறிவிக்கும் மகளிர் தினப் பதாகைகள் அழகானவைதாம். அவற்றை ஏந்துவோர்க்கு அது தாமே விரும்பி ஏற்றுக்கொண்ட பட்டம். கழற்றி வைத்துவிட்டு வீடு திரும்பலாம். டாயன், டோனஹி, டைனி, பாயேன் என்று இந்திய மொழிகள் வழங்கும் சொற்களோ பிறர் சுமத்துபவை. கைம்பெண்ணின் நிலத்தின் மேல் உறவினருக்கு ஆசை பிறக்கும்போது, ஊரில் குழந்தையொன்று நோயுறும்போது அவை சுமத்தப்படுகின்றன. மேலைப் புனைவு கொண்டாடும் தாய்வழி மரபு இங்கே குற்றச்சாட்டுக்குச் சான்றாகிறது: தாய் அப்படி, ஆகவே மகளும் அப்படி.

இதைத் துல்லியமாகக் கண்ட கதை மகாசுவேதா தேவியின் ‘பாயேன்’. சண்டிதாசியின் குலத்தொழில் இறந்த குழந்தைகளைப் புதைத்துக் குழிகளை நரி தோண்டாமல் காப்பது. அரிச்சந்திரனுக்கு அடைக்கலம் தந்த காலு டோமின் வழியினர் தாம் என்பதே அக்குலத்தின் பெருமிதம். அவளுக்கு மகன் பிறந்தபின் அந்த வேலை அவளால் தாங்க முடியாததாகிறது. முலைப்பால் சுரக்கும் உடலோடு இரவில் பிறர் பிள்ளைகளின் குழிகளைக் காக்கிறவளை ஊர் பாயேன் என்கிறது. பறையறைந்து அதை அறிவிப்பவன் அவள் கணவன். குடும்ப மரபு, தாய்மை, சூனியம் மூன்றும் இக்கதையில் உண்டு. மந்திரம் மட்டும் இல்லை. மரபு என்பது இங்கே சாதி விதித்த வேலை. அதை ஒழுங்காகச் செய்ததற்கும், தாயாக இருந்து செய்ததற்கும் சேர்த்தே அவள் தண்டிக்கப்படுகிறாள்.

தில்லிப் பல்கலைக்கழகம் இத்தகைய எழுத்தை என்ன செய்தது? 2021 ஆகஸ்டில் ஆங்கில இளங்கலைச் சிறப்புப் படிப்பின் பெண்ணெழுத்துத் தாளிலிருந்து மகாசுவேதா தேவியின் ‘திரௌபதி’ நீக்கப்பட்டது. பாமாவின் ‘சங்கதி’யும் சுகிர்தராணியின் கவிதைகளும் உடன் வெளியேற்றப்பட்டன. கல்விக் குழுவில் 15 உறுப்பினர்கள் எதிர்ப்புக் குறிப்பு அளித்தனர். உரிய நடைமுறைப்படியே எல்லாம் நடந்தன என்றது நிர்வாகம். தமிழ்த் தலித் பெண்கள் இருவரின் இடத்தில் பண்டித ரமாபாய் வைக்கப்பட்டார். ரமாபாய் எவ்வகையிலும் படிக்கத்தக்கவர். இந்த மாற்றத்தில் அவர்மீது குற்றமில்லை. பெண்ணெழுத்துக்கு இத்தனை நாற்காலிகள்தாம், ஒருவர் எழுந்தால்தான் மற்றவர் அமரலாம் என்று கணக்கிட்டவர்கள்தாம் விடை சொல்ல வேண்டும்.

‘சங்கதி’ போனதில் எது போயிற்று என்பதை நீக்கியவர்கள் அறிந்திருந்தார்களா என்பதே ஐயம். அந்நூல் ஒரு பாட்டியின் வாயிலிருந்து பேத்தியின் காதுக்கு இறங்கும் கதைகளால் ஆனது. பாட்டி வெள்ளையம்மா, ஊரில் பிள்ளைப்பேறு பார்க்கும் கிழவி. அவர் சொல்லும் கதைகளுள் ஒன்றில் சாதி மீறி மணந்த இசக்கி, கருவுற்ற நிலையில் உடன்பிறந்தாராலேயே கொல்லப்பட்டுப் பேயாகிறாள். பேயும் சூனியக்காரியும் ஒன்றல்ல என்பது உண்மைதான். ஆயினும் தாயாக விடப்படாத பெண்ணை அஞ்சத்தக்கவளாக மாற்றும் வேலை இரண்டிடத்தும் ஒன்றே. பேத்தி கேட்டுத் தலையாட்டுவதோடு நிற்கவில்லை. பேய் ஏன் தங்கள் தெருப் பெண்களையே பிடிக்கிறது என்று கேட்கிறாள். வயலிலும் வீட்டிலும் ஓய்வின்றி அடிபடும் உடல்களில் அவளுக்கு விடை கிடைக்கிறது. குடும்ப மரபைப் பெற்றுக்கொள்வதும் அதை மறுத்துக் கேட்பதும் ஒரே மூச்சில் நிகழும் இந்த இடத்துக்கு ஈடான ஒன்றை மாணவர்கள் இனி எந்த மிகைப்புனைவில் தேடுவார்கள்?

நகைமுரண் ஒன்றுண்டு. நூல்கள் நீக்கப்பட்ட அதே 2021ஆம் ஆண்டின் பத்மஸ்ரீ பட்டியலில் சுட்னி தேவியும் அசாமின் பிருபாலா ராபாவும் இடம்பெற்றிருந்தனர். மனநலம் குன்றிய மகன் மூன்றே நாளில் இறப்பான் என்று ஊர் மந்திரவாதி சொல்ல, அவன் இறக்காததைக் கண்டு சூனிய நம்பிக்கைக்கு எதிராகக் கிளம்பிய தாய் பிருபாலா. விருது தருகிறது தலைநகர். ஆண்டுதோறும் குற்றப் புள்ளிவிவரத்தில் கொலைக்கான காரணங்களுள் ஒன்றாகச் சூனியத்தைத் தனி வரியில் அச்சிடுகிறது. பீகார் 1999லேயே தனிச் சட்டம் இயற்றிவிட்டது. நாடு முழுமைக்குமான சட்டம் இன்னும் வரவில்லை. இவ்வளவுக்கும் நடுவே வகுப்பறையில் சூனியக்காரி கற்பனைப் பாத்திரமாகவே நீடிக்கிறாள்.

‘பாயேன்’ கதையின் முடிவில் சண்டிதாசி கொள்ளையரிடமிருந்து ரயிலைக் காக்கத் தண்டவாளத்தில் நின்று இறந்துபோகிறாள். அவளைச் சிறப்பிக்க விரும்பும் அரசு அதிகாரிக்கு அவள் யார் என்ற விவரம் வேண்டும். ஊரார் வாய் திறக்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்கவும் தடைசெய்யப்பட்டு வளர்ந்த மகன் பகீரதன் முன்னே வந்து, அவள் தன் தாய் என்கிறான்.