பேசிக் எழுதாத சிஸ்டர்

மார்ச் 8 வந்தால் போதும், வாட்ஸ்அப்பில் அந்தப் படம் கிளம்பிடும். முக்காடு போட்ட ஒரு கன்னியாஸ்திரி. பேர் சிஸ்டர் மேரி கென்னத் கெல்லர். கீழே வழக்கமான வரிகள்: உலகத்திலேயே முதன்முதலா கம்ப்யூட்டர் சயின்ஸில் டாக்டர் பட்டம் வாங்கினவர், பேசிக் மொழியைக் கண்டுபிடிச்சவர், நாமெல்லாம் தலைவணங்கணும், இத்யாதி. உடனே இருபது பேர் கைகூப்பும் பொம்மை போடுவாங்க. அடுத்த நிமிஷம் யாராவது குட்மார்னிங் ரோஜாப்பூ அனுப்ப, சிஸ்டர் மேலே போய்டுவார். மறுபடி அடுத்த மார்ச்சுலதான்.

இந்த மேட்டர்ல எனக்கு ரொம்ப நாளா கடுப்பு. இன்னைக்குக் கொட்டிடறேன், பொறுத்துக்கோங்க மக்களே.

முதல்ல பேசிக். அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் ஜான் கெமனி, தாமஸ் கர்ட்ஸ் என்ற ரெண்டு கணித வாத்தியார்கள் வடிவமைத்த மொழி அது. முதன்முதலா ஓடினது 1964 மே 1, விடியற்காலை 4 மணிக்கு. அதைத் தாங்கி நின்ற டைம் ஷேரிங் அமைப்பை எழுதியதில் பெரும் பங்கு மைக்கேல் புஷ், ஜான் மெக்கீச்சி என்ற ரெண்டு மாணவர்களுக்கு. பட்டம் கூட வாங்காத பசங்க. நம்ம ஃபார்வர்டு கதையில் சிஸ்டர் 1958-ல் டார்ட்மவுத்துக்குப் போய் பேசிக்கில் வேலை செஞ்சாராம். 1958-ல் அங்கே கம்ப்யூட்டரே கிடையாதுங்க! எல்ஜிபி-30 என்ற முதல் மெஷின் வந்து இறங்கினது 1959-ல். இல்லாத கம்ப்யூட்டரில், ஆறு வருஷம் கழிச்சுப் பிறக்கப்போற மொழிக்கு நிரல் எழுதணும்னா, அதுக்கு அற்புதம்தான் நடக்கணும். வாடிகன்ல கேட்டுப் பார்க்கலாம்.

அவருடைய சொந்த ஆய்வு? 1965-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கொடுத்தது. இயற்கணிதக் கோவைகளை மெஷினே வகையிட்டு விடை தருகிற மாதிரி அல்காரிதம்கள். நாம ப்ளஸ் டூவில் பேப்பர் பேப்பரா கிறுக்கின அதே வகையீடுதான். நிரல் எழுதினது ஃபோர்ட்ரானில். பேசிக்கில் இல்லை.

அப்புறம் அந்த "முதல்" விஷயம். 1965 ஜூன் 7-ல் அவருக்குப் பட்டம் கிடைச்சுது. அதே நாள்ல செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இர்விங் டாங் என்பவரும் இதே துறையில் டாக்டர் ஆனார். ஆக, அமெரிக்காவில் முதல் ரெண்டு பேரில் ஒருத்தர், பெண்களில் முதல். இதுவே மலை மாதிரி இருக்கே, இதுக்கு மேல எதுக்குய்யா ஏணி?

இதைச் சொன்னதும் ஒரு நண்பர் கேட்டார்: கொஞ்சம் மிகைப்படுத்தினா என்ன, நாலு பொண்ணுங்க அதைப் பார்த்து கம்ப்யூட்டர் பக்கம் வந்தா நல்லதுதானே? இல்லைங்க. நாளைக்கு ஒருத்தன் இதே தேதிகளை எடுத்துப் போட்டு, "பார்த்தீங்களா, பொம்பளைங்க சாதனைன்னு சொல்றதெல்லாம் இப்படித்தான்"னு ஆரம்பிப்பான். அப்போ பேசிக்கோட சேர்ந்து அந்த டாக்டர் பட்டமும் குப்பைக்குப் போகும். ராத்திரி முழிச்சு வேலை பார்த்த அந்த ரெண்டு பசங்களோட உழைப்பை நாம எடுத்துக் கொடுத்தது வேற தனிக்கணக்கு.

ஆனா என் உண்மையான கோபம் வேற. ஒரு வாத்தியாரம்மாவை வாத்தியாரம்மான்னு மதிக்க நமக்கு மனசு வர மாட்டேங்குது. எதையாவது "கண்டுபிடிச்ச" ஆளாக்கினாத்தான் கும்பிடத் தோணுது.

இந்த வருஷங்களைப் பாருங்க. 1913-ல் கிளீவ்லேண்டில் பிறப்பு. 1932-ல், 18 வயசில், அயோவா மாநிலத்து டுபியூக்கைத் தலைமையிடமா வெச்சிருந்த ஒரு கன்னியர் சபையில் சேர்றார். பாடம் சொல்லிக் கொடுக்கிறதையே முக்கிய ஊழியமா வெச்சிருந்த சபை. 1940-ல் துறவற வாக்குறுதி. சிகாகோவின் டிபால் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் இளங்கலை 1943. அங்கேயே முதுகலை 1953. டாக்டர் பட்டம் 1965. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல பத்து, பன்னிரண்டு வருஷம்! கடைசிப் பட்டம் கையில் வரும்போது வயசு 51. நம்மில் எத்தனை பேர் 35-லயே "இனிமே என்னத்தைப் படிச்சு"ன்னு சாய்ஞ்சாச்சு?

வாங்கின கையோட பெரிய யூனிவர்சிட்டிக்கோ கம்பெனிக்கோ போனாரா? டுபியூக்கில் அவங்க சபை நடத்தின கிளார்க் கல்லூரிக்குப் போனார். மிசிசிப்பி ஆத்தங்கரையில ஒரு சின்னப் பெண்கள் கல்லூரி. அதே 1965-ல் அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் துறை தொடங்கி, கிட்டத்தட்ட 20 வருஷம் தலைமை. பெரிய பெரிய பல்கலைக்கழகங்களே இந்தத் துறையைக் கணிதத்தில் வைக்கிறதா மின்னியலில் வைக்கிறதான்னு முழிச்ச காலம் அது. பள்ளிக்கூட ஆசிரியர்கள் கம்ப்யூட்டரைக் கற்பித்தலுக்குப் பயன்படுத்தணும்னு அதுக்கொரு முதுகலைப் படிப்பும் வந்துச்சு. பெரிய மெஷின் வாங்க வக்கில்லாத கல்லூரிகள் ஒண்ணுக்கொண்ணு உதவிக்கிறதுக்கு ஒரு சங்கம் தொடங்கினாங்க, அதிலும் அவர் கை உண்டு. நாலு புத்தகம் எழுதினார். 1985 ஜனவரியில் காலமானார்.

இதெல்லாத்தையும் விட எனக்குப் பிடிச்சது ஒண்ணு இருக்கு. வேலைக்கும் போய்க்கிட்டுப் படிக்கவும் வந்த தாய்மார்களை, கைக்குழந்தையைத் தூக்கிக்கிட்டே வகுப்புக்கு வாங்கன்னு சொல்வாராம். இன்னைக்கும் நம்ம ஊர் காலேஜ் எதிலாவது குழந்தையோட ஒரு பொண்ணு லேபுக்குள்ள நுழைஞ்சு பார்க்கட்டும், வாட்ச்மேனே விட மாட்டார். பேசிக் கண்டுபிடிச்சாரான்னு சண்டை போடுற நேரத்தில் இதைப் பத்தி ஒருத்தராவது பேசுறோமா?

இன்னொரு கோஷ்டியும் இருக்கு. சிஸ்டர் பேரைச் சொன்னாலே மதமா அறிவியலான்னு கச்சை கட்டிடுவாங்க. ஒருத்தர், பார்த்தியா திருச்சபையோட பெருமையைன்னுவார். இன்னொருத்தர், சபை மட்டும் இல்லேன்னா இன்னும் எங்கேயோ போயிருப்பார்னுவார். ரெண்டு பேருக்கும் சிஸ்டர் ஒரு கம்பு, அடுத்தவன் மண்டையில போட. கல்யாணம்னாலே படிப்புக்கு மங்களம் பாடின காலத்தில், அந்தச் சபை அவருக்கு முப்பது வருஷம் படிக்க இடம் கொடுத்துச்சு. அதே சபை வாழ்க்கையில் எங்கே வேலை செய்யறது என்பது தானா எடுக்கிற முடிவில்லை, சம்பளமும் சொந்தமில்லை. ரெண்டும் சேர்ந்துதான் அந்தம்மா. கான்வென்ட்டில் படிச்சவங்களுக்கு இது புதுசே இல்லை. கெமிஸ்ட்ரி லேப்ல பிப்பெட்டை எப்படிப் பிடிக்கணும்னு அதட்டின சிஸ்டர் உங்க பள்ளிக்கூடத்திலும் இருந்திருப்பார். அவரைப் பார்த்து அன்னைக்கு யாரும் ஆச்சரியப்படலையே.

அதனால அடுத்த மார்ச்சில் அந்தப் படத்தை அனுப்பப் போறவங்களுக்கு ஒரு விண்ணப்பம். பேசிக் வரியை அழிச்சுட்டு, அந்த இடத்தில் கைக்குழந்தை விஷயத்தைப் போடுங்க. எழுத்து எண்ணிக்கைகூடக் கிட்டத்தட்ட சரியா வரும். பின்னூட்டத்தில் சண்டைக்கு வர்றவங்க வரலாம், ஆனா அந்த 1958-ஐ மட்டும் மறுபடி தூக்கிக்கிட்டு வராதீங்க சாமி.