மடக்குக் கத்தியும் பேரி மரமும்

மடக்குக் கத்தி என்றதும் பலருக்குச் சினிமா வில்லன்தான் நினைவுக்கு வருவான். 'சடக்'கென்று விரிப்பான். கதாநாயகி அலறுவாள்!

குன்னூரில் ஒரு தோட்டக்காரர் சட்டைப் பையிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்தால் யாரும் அலறுவதில்லை. அவர் ஒரு மரத்துக்கு ஒட்டுக் கட்டப் போகிறார், அவ்வளவுதான்.

நீலகிரிக்குச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களின் கண்ணில் படுவது பெரிய கத்தி. தேயிலைச் செடியைக் கவாத்து செய்யும் கத்தி அது. நான்கைந்து ஆண்டுக்கு ஒரு முறை செடியின் தலையையே வெட்டி எறியும். அதற்கு மடக்கு கிடையாது. பழத் தோட்டத்துக் கத்தியோ விரல் நீளம்தான் இருக்கும். அது செய்யும் வேலை மட்டும் பெரியது.

அந்த வேலை என்ன?

பேரிக்காய் தின்கிறோம். உள்ளே விதை இருக்கிறது. அந்த விதையைப் போட்டால் அதே பேரி வருமா? வராது! மரம் முளைக்கும். பல ஆண்டு கழித்துக் காய்க்கவும் செய்யும். ஆனால் காய் சிறுத்திருக்கலாம், துவர்க்கலாம், கல்லாக இருக்கலாம். தாயைப் போலப் பிள்ளை என்பது பேரி மரத்துக்குப் பொருந்தாது. பிளம்ஸும் அப்படித்தான். நல்ல மரத்தின் குணம் அப்படியே வேண்டுமானால், அந்த மரத்திலிருந்து ஒரு குச்சியையோ மொட்டையோ எடுத்து, வேறு ஒரு செடியின் மேல் பொருத்த வேண்டும். நீலகிரியில் பேரியை நாட்டுப் பேரியின் மேலும், பிளம்ஸைப் பீச் செடியின் மேலும் ஒட்டுக் கட்டுவது வழக்கம்.

'கீஃபர்' என்று ஒரு பேரி உண்டு. நீலகிரியிலும் வளர்கிறது. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தின் அருகே பீட்டர் கீஃபர் என்பவருடைய தோட்டத்தில் தானாகக் கலந்து பிறந்த மரம் அது. ஒரே ஒரு மரம்! 1873-ல் முதல் முதலாகக் காய்த்தது. இன்று உலகில் எங்கெல்லாம் கீஃபர் பேரி நிற்கிறதோ, அங்கெல்லாம் நிற்பது அந்த ஒரே மரத்தின் துண்டுதான். பிலடெல்பியாவிலிருந்து குன்னூர் வரை அதைக் கை மாற்றிக் கை மாற்றிக் கொண்டுவந்தது ஒட்டுக் கத்தி. இடையில் எந்தக் கையும் இல்லாமல் அது ஒரு மைல் தூரம்கூடப் போயிருக்க முடியாது.

கத்தியில் என்ன இருக்கிறது?

மரத்தின் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ஈரமாக ஒரு மெல்லிய படலம் உண்டு. மரம் வளர்வது அந்தப் படலத்தில்தான். இரண்டு செடிகளின் படலமும் ஒன்றோடு ஒன்று தொட்டால் ஒட்டு பிடிக்கும். தொடாவிட்டால் குச்சி காய்ந்துவிடும். அதனால் வெட்டு வழவழவென்று, மேடு பள்ளம் இல்லாமல் இருக்க வேண்டும். ஒட்டுக் கத்தியின் அலகை ஒரு பக்கம் மட்டும் தீட்டி, மறுபக்கத்தைத் தட்டையாக விடுவது இதற்காகத்தான். சமையற்கட்டுக் கத்தியால் வெட்டிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். அலகு ஒதுங்கி ஒதுங்கிப் போகும்.

மொட்டுக் கட்டும் கத்தியில் இன்னொரு நாக்கும் உண்டு. பட்டையைக் கீறிய பிறகு அதை மெதுவாக நெம்பித் தூக்க வேண்டும். அந்த நாக்கை எலும்பிலோ தந்தத்திலோ செய்தார்கள். பிறகு பித்தளையும் பிளாஸ்டிக்கும் வந்தன. இரும்பு கூடாதா? கூடாது. கூரான இரும்பு படலத்தைக் கிழித்துவிடும். மரச்சாற்றின் துவர்ப்பு இரும்பில் பட்டால் கறுத்தும் போகும். மொட்டை உள்ளே செருகி, நாரால் சுற்றிக் கட்டினால் வேலை முடிந்தது. இப்போது நாருக்குப் பதில் பிளாஸ்டிக் நாடா.

சரி, ஏன் மடக்க வேண்டும்? ஒட்டுக் கத்தி சவரக் கத்தி போலத் தீட்டப்பட்டது. தோட்டக்காரர் மண்டியிடுவார், சரிவில் ஏறுவார், வழுக்குவார். அலகு வெளியே இருந்தால் தொடை கிழியும். குன்னூர் மூடுபனியில் துருவும் பிடிக்கும். மடக்கிவிட்டால் ஆளுக்கும் அலகுக்கும் காவல்.

மடக்கும் யோசனை புதிதல்ல. ஆஸ்திரியாவில் ஹால்ஸ்டாட் என்னும் இடத்தில் 2,500 ஆண்டுக்கு முந்திய மடக்குக் கத்தி கிடைத்திருக்கிறது. எலும்புப் பிடி போட்டது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துக் கொல்லர்கள் 17-ம் நூற்றாண்டில் பிடியின் முதுகில் எஃகு வில்லை வைத்துக் கத்தி செய்தார்கள். வில் அழுத்துவதால் திறந்த கத்தி திறந்தபடி நிற்கும். மூடிய கத்தி தானாகத் திறக்காது. இறகுப் பேனாவைச் சீவ வைத்திருந்த சிறு கத்திதான் 'பேனாக் கத்தி' ஆயிற்று. இறகு போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது!

தமிழனுக்கும் இதில் பங்கு உண்டு. ஓலையில் எழுதிய காலத்தில் மடக்கெழுத்தாணி என்று ஒன்று இருந்தது. ஒரு பக்கம் எழுதும் ஊசி, மறுபக்கம் ஓலை வாரும் கத்தி. இரண்டையும் பிடிக்குள் மடக்கலாம். மரத்திலும் கொம்பிலும் தந்தத்திலும் பிடி போட்டார்கள். உ.வே. சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றில் இதை விவரித்திருக்கிறார். வேலைக்கு ஒரு நாக்கு, துணை வேலைக்கு ஒரு நாக்கு, இரண்டுக்கும் ஒரே பிடி. ஒட்டுக் கத்திக்கும் மடக்கெழுத்தாணிக்கும் அமைப்பு ஒன்றுதான்.

நீலகிரியிலும் இரும்பு வேலை வெள்ளைக்காரர் கொண்டுவந்ததல்ல. கோத்தர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே கொல்லுப்பட்டறை வைத்திருந்தார்கள். தோடருக்கும் படகருக்கும் கத்தியும் கோடரியும் அவர்கள்தான் அடித்துக் கொடுத்தார்கள். கோத்தகிரி என்ற பெயரே அவர்களால் வந்தது. பழ மரங்கள்தான் வெளியிலிருந்து வந்தவை. கலெக்டர் ஜான் சல்லிவன் 1820-களில் ஊட்டியில் வீடு கட்டி, ஐரோப்பியக் காய்களையும் பழங்களையும் பயிரிட்டுப் பார்த்தார். 1848-ல் மெக்ஐவர் ஊட்டித் தாவரத் தோட்டத்தை அமைக்கத் தொடங்கினார். 1874-ல் குன்னூர் சிம்ஸ் பூங்கா வந்தது. 1920-ல் அதன் அருகே அரசாங்கப் பழ ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. மே மாதம் பூங்காவில் நடக்கும் பழக் கண்காட்சிக்குக் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். பழங்களால் கட்டிய உருவங்களைப் பார்த்துக் குழந்தைகள் வாய் பிளக்கிறார்கள். அந்தப் பழத்துக்குப் பின்னால் இருக்கும் கத்தியைக் காட்டுவார் இல்லை.

குறை இங்கேதான் இருக்கிறது. தேயிலை விலை நன்றாக இருந்த ஆண்டுகளில் சிறு விவசாயிகள் பலர் வேறு பயிரை எடுத்துவிட்டுத் தேயிலை போட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பிள்ளைகளைப் படிக்க வைத்தது தேயிலைதான். ஆனால் 1990-களின் கடைசியில் பச்சை இலை விலை சரிந்தபோது, கையில் வேறு ஒன்றும் இல்லாமல் தவித்தார்கள். வேலி ஓரத்தில் பத்துப் பிளம்ஸ் மரம் நின்ற வீட்டுக்கு அந்த ஆண்டு ஏதாவது கிடைத்திருக்கும்.

இன்னும் வீட்டுக் கொல்லைகளில் பழைய பேரியும் பீச்சும் நிற்கின்றன. சிலவற்றின் பெயர்கூட வீட்டாருக்குத் தெரியாது. வீடு பெரிதாகும்போது மரம் விழுகிறது. விதை போட்டால் திரும்ப வராத மரம் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

பள்ளிக்கூடத் தோட்டத்திலே இதைக் கற்பிக்கலாம். கையில் கத்தியா என்று பெற்றோர் பயப்படுவார்கள். பயம் நியாயம்தான். ஆகவே ஆசிரியர் பக்கத்தில் இருக்கட்டும். கட்டை விரல் எங்கே இருக்க வேண்டும் என்பதுதான் முதல் பாடம். 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டமே, வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் மட்டும் என்று செய்த பொருள்களை ஆயுதக் கணக்கில் சேர்க்கவில்லை. சட்டம் காட்டும் நிதானத்தை வீட்டிலும் காட்டலாம். மாணவன் வெட்டும் முதல் பத்து ஒட்டும் காய்ந்து போகும். பதினோராவது பிடிக்கும்.

கொல்லை மரத்தை வெட்டித்தான் ஆக வேண்டுமா? பனிக்காலம் வரை பொறுங்கள். இலை உதிர்ந்து மரம் உறங்கும்போது, சென்ற ஆண்டு வளர்ந்த பென்சில் பருமன் குச்சிகளாக நான்கு எடுங்கள். ஈரச் சாக்கில் சுற்றி, அன்றே ஒட்டுக் கட்டத் தெரிந்தவரிடம் கொடுங்கள். கோடரியை அதற்குப் பிறகு எடுக்கலாம்.