உளவியல் கற்கக் கடல் கடக்கும் முன்



பிள்ளைகளின் மேற்படிப்பைக் குறித்து ஆலோசனை கேட்கப் பங்கு இல்லத்துக்கு வருவோர் ஒரு காலத்தில் ஆசிரியப் பயிற்சி, செவிலியர் பயிற்சி, பொறியியல் ஆகியவற்றையே பேசுவர். இன்று அவற்றோடு உளவியலும் சேர்ந்துள்ளது. உளவியலில் இளநிலைப் பட்டம் பெற்ற பிள்ளைகள், ஐரோப்பாவிலோ இங்கிலாந்திலோ பன்னாட்டு மாணவர்க்கென நடத்தப்படும் முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பிக்க விரும்புகின்றனர். இதைக் கேட்டதும், "பைத்தியக்கார வைத்தியத்துக்கா இவ்வளவு செலவு?" என்று சினந்த தந்தையர் உண்டு, "வெளிநாடு என்றால் எதுவானாலும் சரி" என்று மகிழ்ந்த தந்தையரும் உண்டு. கேட்க வேண்டிய கேள்வியை இருவருமே கேட்கவில்லை.

அக்கேள்வி யாதெனில்: மனித உள்ளம் எவ்வாறு இயங்குகின்றது என்பதை ஆராய விரும்புகிறாயா? அல்லது, துன்புறும் மனிதர் ஒருவரின் எதிரே அமர்ந்து அவருக்குச் சிகிச்சை அளிக்க விரும்புகிறாயா? இரண்டும் உயர்ந்த பணிகளே. இரண்டும் உளவியல் என்ற ஒரே பெயரால் வழங்குகின்றன. ஆயினும் அவற்றுக்குச் செல்லும் பாதைகள் வேறு வேறு. இவ்வேறுபாட்டை அறியாமல் படிவத்தை நிரப்புவோர், இரண்டு ஆண்டுகளும் பெருந்தொகையும் செலவிட்ட பின்னரே தாம் ஏறிய வண்டி வேறு ஊருக்குச் செல்வது என்று உணர்கின்றனர்.

நம் வாசகர் பலரும் பெயரளவில் அறிந்த லூவேன் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பெல்ஜியம் நாட்டில் 1425-ஆம் ஆண்டு தோன்றிய இக்கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்துக்கும் உளவியலுக்கும் நீண்ட உறவு உண்டு. வில்ஹெல்ம் வுண்ட் என்பவர் 1879-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உளவியல் ஆய்வுக்கூடம் ஒன்றை அமைத்தார். உள்ளத்தை ஆய்வுக்கூடத்தில் அளப்பதா என்று பலர் ஐயுற்ற காலம் அது. அப்பொழுது லூவேனில், திருத்தந்தை 13-ஆம் சிங்கராயரின் விருப்பப்படி 1882-இல் ஏற்பட்ட தோமையார் தத்துவப் பேராசிரியர் பதவியை வகித்தவர், பின்னாளில் கர்தினாலாக உயர்ந்த மெர்சியே. அவர் இப்புதிய அறிவியலைக் கண்டு அஞ்சவில்லை. வுண்டிடம் பயின்ற அர்மான் தியெரியைக் கொண்டு 1890-களில் லூவேனிலும் ஆய்வுக்கூடம் நிறுவச் செய்தார். அதே ஊரில் பணியாற்றிய அல்பெர் மிஷோத், ஒரு பொருள் மற்றொன்றைத் தள்ளுவதாக நம் கண்கள் எவ்வாறு உணர்கின்றன என்பதை ஆராய்ந்து 1946-இல் வெளியிட்ட நூல் இன்றும் அறிஞர்களால் பேசப்படுகின்றது.

இப்பல்கலைக்கழகம் 1968-இல் டச்சு மொழிப் பிரிவு, பிரெஞ்சு மொழிப் பிரிவு என இரண்டாகப் பிரிய நேர்ந்தது. டச்சு மொழிப் பிரிவு இன்று பன்னாட்டு மாணவர்க்கென ஆங்கிலத்தில் உளவியல் முதுகலை ஒன்றை நடத்துகின்றது. அதன் பெயரே "உளவியல்: கோட்பாடும் ஆய்வும்" என்பதாகும். இரண்டு ஆண்டுகள், 120 மதிப்பலகுகள். ஐரோப்பியக் கணக்குப்படி ஓராண்டுக்கு 60 மதிப்பலகுகள்; ஒவ்வொன்றுக்கும் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ஆராய்ச்சியாளரை உருவாக்குவதே இப்படிப்பின் நோக்கம். நோயாளரைப் பேணும் மருத்துவ உளவியல் பயிற்சியோ அங்கே டச்சு மொழியில் நடைபெறுகின்றது.

ஏன் இவ்வாறு என்று சிந்தியுங்கள். அறுவை மருத்துவருக்குக் கத்தி கருவி. உளவியல் சிகிச்சையாளருக்கு மொழியே கருவி. துயருற்றவர் தாய்மொழியில் அழுகிறார், தாய்மொழியில் சினக்கிறார், சொல்லாமல் விடுவதையும் தாய்மொழியிலேயே விடுகிறார். ஃபிளாண்டர்ஸ் நாட்டு மூதாட்டி ஒருவரின் மனச்சோர்வை ஆங்கிலம் மட்டும் அறிந்த மாணவர் எவ்வாறு கேட்டறிய இயலும்? ஆகவேதான் ஐரோப்பாவில் ஆங்கிலவழிப் பன்னாட்டு முதுகலைகள் பெரும்பாலும் ஆய்வு, நிறுவன உளவியல் போன்ற துறைகளை நாடி நிற்கின்றன. இதில் வஞ்சகம் ஏதுமில்லை. பல்கலைக்கழகங்கள் தம் பாடத்திட்டத்தில் இதை வெளிப்படையாகவே எழுதுகின்றன. நாம்தான் "உளவியல்" என்ற தலைப்பைப் படித்துவிட்டு அடுத்த வரியைப் படிப்பதில்லை.

இனி, உரிமம் பற்றிய செய்தி. பட்டம் வேறு, தொழில் செய்யும் உரிமம் வேறு. இங்கிலாந்தில் "மருத்துவ உளவியலாளர்" என்ற பெயரைச் சூடிக்கொள்ள 2009 முதல் சட்டப்படி அமைந்த குழுமத்தில் பதிவு வேண்டும். அங்குள்ளோர் அப்பதிவுக்கு முனைவர் நிலைப் பயிற்சியை முடிக்க வேண்டும். ஓராண்டு முதுகலை அதற்குப் போதாது. வேறு பாடம் படித்தவர்களுக்கென அங்கே மாற்று முதுகலைகள் உண்டு. பிரித்தானிய உளவியல் கழகத்தின் ஏற்பு பெற்றவையாயின், அவை மேற்பயிற்சிக்கு அடித்தளம் ஆகும். ஆனால் அடித்தளமே வீடு ஆகாது. ஜெர்மனியில் 2020 செப்டம்பர் 1 முதல் நடைமுறையிலுள்ள சட்டப்படி, உளச்சிகிச்சையாளராக விரும்புவோர் அதற்கென வகுக்கப்பட்ட முதுகலையைப் பயின்று அரசின் தேர்வையும் எழுத வேண்டும். அப்பயிற்சியின் மொழி ஜெர்மன்.

நம் நாட்டின் நிலையையும் அறிவீர்களாக. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மருத்துவ உளவியலாளர் யார் என்பதை வரையறுத்துள்ளது. இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் ஏற்ற மருத்துவ உளவியல் தகுதி பெற்றவர். அல்லது முதுகலையின் மேல், நோயாளரிடையே மேற்பார்வையுடன் பயிற்சி பெற்ற இரண்டு ஆண்டு முழுநேர எம்.ஃபில். பட்டத்தை, கவுன்சிலின் ஏற்புடன் பெற்றவர் என்று அது கூறுகின்றது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை எம்.ஃபில். பட்டத்தையே கைவிடச் சொன்னபின், இப்பயிற்சியின் பெயரும் வடிவமும் மாறிவருகின்றன. ஆதலால் அக்கவுன்சில் இன்று ஏற்கும் படிப்புகள் எவை என்பதைக் கவுன்சிலிடமே கேட்டுத் தெளிக. அயல்நாட்டு முதுகலைக்கு இங்கே இணைத்தகுதிச் சான்று கிடைத்தாலும், அதுவே நோயாளரைப் பார்க்கும் உரிமம் ஆகிவிடாது.

சென்ற ஆண்டு ஒரு குடும்பத்தினர் நம்மிடம் வந்தனர். தந்தை சரக்கு வண்டி ஓட்டுபவர். மகள் உளவியலில் நல்ல மதிப்பெண் பெற்றவள். இங்கிலாந்தில் ஓராண்டு முதுகலைக்கு இடம் கிடைத்திருந்தது. வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்க நாளும் குறித்திருந்தனர். ஆசீர் வேண்டி வந்த அம்மகளிடம், "படித்து முடித்து என்ன செய்யப் போகிறாய், அம்மா?" என்று கேட்டோம். "நம் மாவட்ட மருத்துவமனையில் மருத்துவ உளவியலாளராக வேண்டும், ஃபாதர். அங்கே அந்த வேலைக்கு ஆளே போதவில்லை" என்றாள். "இப்படிப்பு அவ்வேலைக்கு உன்னைத் தகுதியாக்கும் என்று அவர்கள் எங்கேனும் எழுதியிருக்கின்றனரா?" என்றதற்கு அவள் விடை கூறவில்லை. கையிலிருந்த தாள்களைப் புரட்டிப் பார்த்தாள். அவ்வாறு எங்கும் எழுதியிருக்கவில்லை.

தந்தை வருந்தினார். "சாமி, எல்லாம் கூடிவரும் வேளையில் இப்படிச் சொல்லலாமா? ஊரெல்லாம் சொல்லிவிட்டேனே" என்றார். அவர் வருத்தம் நியாயமானதே. ஆயினும் ஊராரிடம் சொன்ன சொல்லுக்காக வீட்டை அடகு வைப்பது எவ்வாறு தகும்? மூன்று வாரங்களில் அவர்களே விசாரித்து, இந்நாட்டில் கவுன்சில் ஏற்ற பயிற்சி நடைபெறும் இடங்களின் பட்டியலைப் பெற்றனர். அம்மகள் இப்பொழுது அதன் நுழைவுத் தேர்வுக்குப் படித்துவருகிறாள். அத்தேர்வும் எளிதன்று, இடங்களும் சிலவே. ஆனால் அவள் விரும்பிய பணிக்குச் செல்லும் பாதை அதுவே.

இதனால் அயல்நாட்டுப் படிப்பே வேண்டாம் என்று நாம் கூறுவதாக எண்ணாதீர்கள். நினைவாற்றல், குழந்தை வளர்ச்சி, தொழிலகங்களில் மனிதர் நடத்தை ஆகியவற்றை ஆராய விழையும் பிள்ளைக்கு அங்கே சிறந்த வாய்ப்புகள் உண்டு. 2004-இல் தொடங்கிய எராஸ்மஸ் முண்டஸ் திட்டத்தின்கீழ், பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து கூட்டு முதுகலைகளை நடத்துகின்றன. பணி, நிறுவன உளவியலிலும் அவ்வாறான படிப்பு உருவாகியுள்ளது. அத்திட்டத்தின் உதவித்தொகை பெறுவோருக்குக் கல்விக் கட்டணம் இல்லை. மாதம் 1,400 யூரோ வீதம் 24 மாதங்கள் வரை வழங்கும் வகையில் 2021 முதல் வகுக்கப்பட்டது. போட்டி கடுமையானது. ஆனால் ஏழைப் பிள்ளைக்கும் அதன் கதவு திறந்தே உள்ளது. எந்த ஆண்டில் எந்தப் படிப்புக்கு உதவித்தொகை உண்டு என்பதை மட்டும் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள். விண்ணப்பங்கள் பெரும்பாலும் அக்டோபர் முதல் ஜனவரி வரை பெறப்படுகின்றன. படிப்போ அதற்கடுத்த இலையுதிர் காலத்தில் தொடங்கும். ஆகவே ஓராண்டுக்கு முன்னரே ஆயத்தம் தேவை.

விண்ணப்பிப்போர் கவனிக்க வேண்டிய சிலவற்றையும் கூறுவோம்.

முதலாவது, பெயர். திருமுழுக்குப் பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் முதலெழுத்துடன் ஒரு பெயர், கடவுச்சீட்டில் தந்தை பெயர் விரிந்த ஒரு பெயர் என மூன்று பெயர்களுடன் வாழும் பிள்ளைகள் நம் பங்குகளில் பலர். மூன்றும் ஒருவரையே குறிக்கும் என்பது நமக்குத் தெரியும். அயல்நாட்டு அலுவலருக்குத் தெரியாது. கடவுச்சீட்டும் கல்விச் சான்றுகளும் ஒத்திருக்குமாறு முதலில் திருத்திக்கொள்க. சில நாடுகள் சான்றிதழ்களில் அப்போஸ்தில் என்னும் முத்திரையைக் கேட்கும். 2005 முதல் இந்தியாவிலும் அது வழங்கப்படுகின்றது.

இரண்டாவது, பாடங்கள். ஆய்வு முதுகலைகள் மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பதில்லை. புள்ளியியலும் ஆய்வுமுறையும் எவ்வளவு பயின்றாய் என்றும் பார்க்கின்றன. மதிப்பெண் பட்டியலில் பாடத்தின் பெயர் மட்டுமே இருக்கும். ஆதலால் கல்லூரியிலிருந்து பாடத்திட்டத்தையும் பெற்று வைத்துக்கொள்க.

மூன்றாவது, பரிந்துரைக் கடிதம். நற்சான்று கேட்டு எம்மிடம் வருவோரை நாம் மகிழ்வுடன் வரவேற்கிறோம். ஆயினும் அவர்கள் வேண்டுவது உன் கல்வித் திறனை அறிந்த பேராசிரியரின் கடிதம். பங்குத்தந்தையின் நன்னடத்தைச் சான்று அதற்கு ஈடாகாது.

நான்காவது, நோக்கக் கடிதம். ஏன் இப்படிப்பை நாடுகிறாய் என்று மாணவரே எழுத வேண்டிய கடிதம் இது. இதனை விலைக்கு எழுதித் தருவோர் இன்று நகரெங்கும் உளர். அடுத்தவர் எழுதியதில் தன் பெயரை இடுதல் பொய்க் கையொப்பத்துக்கு ஒப்பாகும். நேர்காணலில் அது வெளிப்பட்டும்விடும். "சிறு வயது முதலே பிறருக்கு உதவ ஆசை" என்று எழுதுவதால் பயனில்லை. எந்த ஆய்வைச் செய்தாய், எத்தனை பேரிடம் வினவினாய், எது புரியாமல் நின்றது, அதை அறிய இப்படிப்பு எவ்வாறு உதவும் என்று எழுதுக.

இங்கே மற்றொன்றும் சொல்ல வேண்டும். தாயின் மனநோயையோ அண்ணனின் குடிப்பழக்கத்தையோ கண்டு வளர்ந்த பிள்ளைகள் இத்துறையை நாடுவது உண்டு. அத்தூண்டுதல் தூயதே. ஆனால் வீட்டாரின் நோயை அவர்தம் இசைவின்றி அயலார்முன் விரித்து எழுதுதல் தகாது. ஒருவருடைய மறைவைக் காத்தல் உளவியலாளரின் முதற்கடமை. அக்கடமை விண்ணப்பத்திலேயே தொடங்கட்டும். மேலும், தன் உள்ளத்திலேயே ஆறாத காயம் உள்ளதாயின், முதலில் தகுந்த மருத்துவ உதவியை நாடுக. பாடநூல் மருந்தாகாது.

ஐந்தாவது, பணம். ஜெர்மனி செல்வோர் ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கென வங்கியில் வைத்துக்காட்ட வேண்டிய தொகை 2024 செப்டம்பர் முதல் 11,904 யூரோ என வகுக்கப்பட்டது. இத்தகைய தொகைகள் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் ஆண்டில் மீண்டும் பார்க்க. கடன் வாங்குவதாயின், படிப்பு முடிந்தபின் அப்பட்டத்தைக் கொண்டு என்ன வேலை கிடைக்கும், எத்தனை ஆண்டுகளில் கடன் தீரும் என்பதைத் தாளில் எழுதிக் குடும்பமாக அமர்ந்து பாருங்கள். இடம் வாங்கித் தருவதாகச் சொல்லும் முகவருக்கு, எந்தப் பல்கலைக்கழகம் என்பதைவிட எத்தனை பேர் என்பதே கணக்கு என்பதை மறவாதீர்.

பெற்றோரே, இடம் மறுக்கப்பட்டு வரும் கடிதமும் இவ்வழியில் உண்டு. அன்று பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். அண்டை வீட்டாரின் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். உள்ளத்தைப் பற்றிய படிப்பை விரும்பிய பிள்ளை, தன் வீட்டிலேயே தன் உள்ளத்தைக் கேட்பார் இல்லை என்று எண்ணும்படி விட்டுவிடாதீர்கள். படிவத்தில் ஒரு வரியை நிரப்பும் முன்னர், இன்றிரவு உணவுக்குப் பின் அப்பிள்ளையை அருகில் அமர்த்தி, "நீ யாருக்காக, என்ன செய்ய விரும்புகிறாய்?" என்று கேளுங்கள். கேட்டபின், விடை முடியும்வரை குறுக்கிடாமல் இருங்கள்.