டியூஷன் மாற்றும் முன் ஒரு டெஸ்ட்!

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தால் போதும், நெய்வேலி டவுன்ஷிப்பில் எந்த பிளாக்குக்குப் போனாலும் ஒரே பேச்சுதான். "உங்க பையனுக்கு எங்கே டியூஷன்?" ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து வந்த களைப்போடு, சட்டையைக்கூட மாற்றாமல் பிள்ளையை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடும் அப்பாக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒருவேளை அந்த அப்பா நீங்களாகவே இருக்கலாம்!

தப்பில்லை. ஆனால் ஒரு நிமிஷம் யோசியுங்கள். மூன்றாவது டியூஷன் மாஸ்டரையும் மாற்றியாகிவிட்டது. பையன் வாயைத் திறந்தால் பட்டாசு. கிரிக்கெட் ஸ்கோரைப் பிசகாமல் சொல்கிறான். பழுதான டார்ச் லைட்டைப் பிரித்து மாட்டுகிறான். பாடத்தை நாம் வாசித்துக் காட்டிக் கேள்வி கேட்டால் டாண் டாண் என்று பதில். அதே பாடத்தை அவனை வாசிக்கச் சொன்னால் மட்டும் முதல் வரியிலேயே தலை தொங்கிவிடுகிறது. "சோம்பேறி, அக்கறையே இல்லை" என்கிறோம். அக்கறைதான் குறையா?

என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். சூட்டிகையான குழந்தை மூன்றாம் வகுப்பு வந்தும் வாசிக்கத் திணறினால், நீங்கள் மாற்ற வேண்டியது டியூஷனை அல்ல. முதலில் டிஸ்லெக்ஸியா இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இது புது வியாதியா?

வியாதியே அல்ல! 1896-லேயே பிரிங்கிள் மார்கன் என்ற இங்கிலாந்து டாக்டர், பதினாலு வயதுப் பையன் ஒருவனைப் பற்றி மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். கெட்டிக்காரப் பையன், ஆனால் சின்னச் சின்னச் சொற்களைக்கூட வாசிக்க முடியவில்லை. பாடத்தை எல்லாம் வாய்மொழியாகவே நடத்தினால் பள்ளியிலேயே இவன்தான் முதல்வனாக இருப்பான் என்று அவன் ஆசிரியரே சொன்னாராம்.

எழுத்தையும் அதன் ஒலியையும் மூளை இணைக்கிற விதத்தில் உள்ள வித்தியாசம்தான் இது. அறிவுக் குறைவு அல்ல. வளர்ப்புக் கோளாறும் அல்ல. பெரும்பாலும் குடும்ப வழியாக வருவது. நூற்றுக்கு ஐந்து முதல் பத்துக் குழந்தைகளுக்கு இருக்கலாம் என்பது பொதுவான கணக்கு. அப்படியானால் நாற்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு மூன்று பேராவது இருப்பார்களே! அவர்கள் எல்லாம் எங்கே? கடைசி பெஞ்சில்தான்.

தமிழில் ல, ள, ழ தடுமாறும். கொம்பும் காலும் இடம் மாறும். வாசிப்பு எறும்பு ஊர்வதுபோல் போகும். ஆங்கிலத்தில் இன்னும் மோசம், ஒரே எழுத்துக்கு ஒன்பது சத்தமாயிற்றே! ஆனால் யு.கே.ஜி. குழந்தை எழுத்தைத் திருப்பிப் போட்டால் பதறாதீர்கள். ஆறு ஏழு வயது வரை அது சகஜம்.

"வெளியே தெரிஞ்சா?"

பயமே இதுதான், இல்லையா? டவுன்ஷிப் சின்ன ஊர். வகுப்பு டீச்சர், உங்கள் ஆபீஸ் நண்பரின் மனைவியாக இருப்பார். பக்கத்து குவார்ட்டர்ஸ் மாமிக்குத் தெரிந்தால் பத்து பிளாக்குக்குத் தெரிந்த மாதிரி. "பிள்ளைக்குப் பட்டம் கட்டிடுவாங்களே" என்று அம்மாக்கள் கலங்குவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால், பட்டம் ஏற்கெனவே கட்டியாகிவிட்டதே! 'மக்கு' என்று வகுப்பிலும், 'தண்டம்' என்று வீட்டிலும் தினம் கேட்கிறான். அந்தப் பட்டத்தைவிட டிஸ்லெக்ஸியா என்ற பெயர் எவ்வளவோ மேல். முந்தியது பழி, பிந்தியது காரணம். 2007-ல் 'தாரே ஜமீன் பர்' படம் பார்த்து எல்லோரும் கண் கலங்கினோம். வீட்டுக்கு வந்து புரோகிரஸ் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் கை ஓங்கினோம்!

என்ன செய்ய வேண்டும்?

முதலில் குழந்தைகள் டாக்டரிடம் காட்டி, கண், காது இரண்டையும் சோதித்துவிடுங்கள். உள்ளூரிலேயே முடிகிற வேலை. பார்வைக் கோளாறு இருந்து கண்ணாடியிலேயே விஷயம் முடிந்தால் சந்தோஷம்தானே!

அடுத்தது கிளினிகல் சைக்காலஜிஸ்ட். ஊசி, மருந்து எதுவும் கிடையாது. இதைக் குழந்தையிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். அறிவுத்திறனைத் தனியாகவும், வாசிப்பு, எழுத்து, கணக்கைத் தனியாகவும் அளப்பார்கள். ஒரே நாளில் முடியாமலும் போகலாம். பழைய நோட்டுகள், இரண்டு வருட ரிப்போர்ட், டீச்சர் எழுதித் தரும் குறிப்பு, இவற்றைக் கையோடு எடுத்துப் போங்கள். வீட்டில் என்ன மொழி, பள்ளியில் என்ன மொழி என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். இங்கிலீஷ் வராததெல்லாம் டிஸ்லெக்ஸியா ஆகிவிடாது!

நமக்குப் பக்கம் பாண்டிச்சேரி ஜிப்மர். சென்னைப் பக்கம் போனால் முட்டுக்காட்டில் மத்திய அரசின் பன்முக மாற்றுத்திறனாளிகள் நிறுவனம் இருக்கிறது. 1991-ல் தொடங்கிய மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷனும் சென்னையில்தான். எங்கே போவதானாலும் போனில் விசாரித்து, நாள் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

1995-ம் வருட ஊனமுற்றோர் சட்டத்தில் இந்தக் குறைபாட்டுக்கு இடமே இல்லை. 2016-ம் வருடச் சட்டத்தில்தான் சேர்த்தார்கள். மூன்றாம் வகுப்பு அல்லது எட்டு வயதில் பள்ளியிலேயே முதற்கட்டமாகக் கண்டறிய வேண்டும் என்று 2018-ல் வந்த மத்திய அரசு வழிகாட்டுதல் சொன்னது. முறையான சான்றிதழ் இருந்தால் பத்தாவது, பன்னிரண்டாவது பரீட்சைகளில் கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுத ஆள், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. தனியார் ரிப்போர்ட் மட்டும் போதாமல் போகலாம். எந்தச் சான்றிதழ் செல்லும் என்று பள்ளியில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பத்தாவது பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஓடாதீர்கள்!

அதைவிட முக்கியம், சலுகைக்காக மட்டும் போகாதீர்கள். எழுத்தின் ஒலியைச் சொல்லி, மணலில் விரலால் எழுதி, கண், காது, கை மூன்றையும் சேர்த்துக் கற்பிக்கும் முறை இருக்கிறது. சின்ன வயதில் ஆரம்பித்தால் பலன் அதிகம். டெஸ்ட் அதற்கு முதல் படி மட்டும்தான். பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் நஷ்டமில்லை, வேறு காரணத்தைத் தேடலாம்.

நம் ஊர் சுரங்கத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நீர் நிற்கிறது. முதலில் துளை போட்டுப் பார்த்து, பம்ப் வைத்து அந்த அழுத்தத்தைக் குறைத்த பிறகுதான் தோண்டுவார்கள். மண்ணுக்கே அவ்வளவு பக்குவம் பார்க்கிற ஊரில், பிள்ளையை மட்டும் ஏன் பார்க்காமல் தோண்டுகிறோம்?

இன்று இரவு பிரம்பை ஓரம் வையுங்கள். அவன் பாடத்தை நீங்களே வாசித்துக் காட்டுங்கள். கேள்வி கேளுங்கள். பதில் சரியாக வருகிறதா? அப்படியானால் நாளைக்கே டாக்டரிடம் நாள் கேளுங்கள்.