ஐயத்தை மறைக்காத கருவி வேண்டும்

புனேயிலுள்ள பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் மகாபாரதச் செம்பதிப்பு வேலையை 1919இல் தொடங்கி 1966இல் முடித்தது. நாடெங்குமிருந்து திரட்டிய 1,259 சுவடிகள் அதற்கு ஆதாரம். கிரந்தம், தெலுங்கு, மலையாள எழுத்துகளில் அமைந்த தென்னகச் சுவடிகளும் அவற்றில் அடக்கம். 1925இல் பொறுப்பேற்ற வி. எஸ். சுக்தங்கர் உருவாக்கிய முறைதான் இன்று நமக்குப் பாடம். உறுதி சொல்ல முடியாத சொல்லின் அடியில் நெளிகோடு இட்டார்கள். விலக்கிய பாடங்களை அந்தந்தப் பக்கத்தின் அடியிலேயே அச்சிட்டார்கள். வியாசர் சொல்ல விநாயகர் எழுதினார் என்ற, நாடே கொண்டாடும் கதைக்குச் சுவடிச் சான்று போதாததால் அது பிற்சேர்க்கைக்குப் போனது, ஆனால் அழிக்கப்படவில்லை. திருத்துபவரின் முடிவும் அந்த முடிவு எதன்மேல் எடுக்கப்பட்டது என்பதும் ஒரே பக்கத்தில் தெரிந்தன.

எழுத உதவும் மென்பொருளிடமும் இந்த நேர்மையைத்தான் கேட்க வேண்டும். நீச்சல்காரன் உருவாக்கிய ‘வாணி’ பிழைதிருத்தியும் ‘நாவி’ சந்திப்பிழை திருத்தியும் பெரிய தொண்டு. ஒரே வினைச்சொல் எண்ணற்ற வடிவெடுக்கும் தமிழில் வெறும் சொற்பட்டியலை வைத்துப் பிழை பார்க்க முடியாது. இத்தகைய கருவி ஐயத்தைச் சுட்டும், முடிவெடுப்பவர் எழுதுபவர். ‘வேலை கொடு’ என்றால் பணி. ‘வேலைக் கொடு’ என்றால் ஆயுதம். இரண்டும் பிழையற்றவை, எது வேண்டும் என்பது எழுதியவருக்கே தெரியும். பத்தியைக் கொடுத்தால் பத்தியையே மாற்றி எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளோ பெரும்பாலும் எந்தச் சொல்லை எதற்காக மாற்றின என்று சொல்வதில்லை. அவை அதிகம் படித்திருப்பது இணையத்தில் மலிந்த பொதுநடை. கி. ராஜநாராயணன் அகராதி போட்டுக் காத்த கரிசல் சொற்கள் அந்த நடைக்குப் பொருந்தாதவை. பொருந்தாததைப் பிழையென்று எண்ணி மாற்றிவிடும் கருவி, மொழியின் செல்வத்தை ஓசையில்லாமல் கரைக்கிறது.

இலக்கணம் சொல்லித் தர ஆளில்லாதவருக்கு இதெல்லாம் ஆடம்பரம் அல்லவா என்று கேட்கலாம். புனேயில் மராத்தி அல்லது ஆங்கில வழியில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைக்கு இந்தக் கருவிதான் முதல் தமிழாசிரியராக இருக்கக்கூடும். மறுக்கவில்லை, அந்தப் பிள்ளைக்குத்தான் காரணம் சொல்லும் திருத்தம் மிகவும் தேவை. மாற்றி எழுதிய பத்தியை வாங்கிக்கொள்கிறவர் அடுத்த முறையும் அதே இடத்தில் தடுமாறுவார். இரவு பதிப்பு மூடும் அவசரத்தில் நெளிகோடுகளை ஆராய நேரமில்லை என்ற செய்தியறையின் வாதமும் ஓரளவு சரியே. விரல் தவறிய எழுத்தைக் கருவி தானே திருத்தட்டும்; சொல்லையும் வாக்கிய அமைப்பையும் கேட்காமல் தொட வேண்டாம். செம்பதிப்பே எவர் வாயிலும் வழங்காத ஒரு பாடத்தைச் செயற்கையாகக் கட்டியது என்று அறிஞர் சிலர் குறை கூறினார்கள். வலுவான குறைதான். ஆனால் அந்த வாதத்துக்கு வேண்டிய சான்றுகளை அதே பதிப்பின் அடிக்குறிப்புகளிலிருந்தே அவர்கள் எடுக்க முடிந்தது. தவறு நேர்ந்திருந்தாலும் திரும்பிச் செல்ல வழி இருந்தது.

ஆகவே அரசுப் பணத்தில் உருவாகும் தமிழ்க் கருவிகளுக்காவது மூன்று நிபந்தனைகளை விதிக்க வேண்டும்: மூல வாக்கியம் கண்முன் இருக்க வேண்டும், மாற்றத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும், உறுதியில்லாத இடத்தில் உறுதியில்லை என்று காட்ட வேண்டும். அச்சுக் கோத்த காலத்திலேயே செய்துகாட்டியதைக் கணினியால் செய்ய முடியாது என்று எந்த நிறுவனமும் சொல்ல இயலாது.